பச்சை அட்டை

சொக்கிகுளத்தில் ஒரு மண்டபத்தின் மாடி.
கீழே யாருக்கோ வளைகாப்பு.
மேலே இருபத்திரண்டு மேசை, எண்பத்தெட்டு பேர்,
நான் ஒருவன் மட்டும் நின்றுகொண்டிருந்தேன்.
நடுவர் உட்காரக்கூடாதென்று விதி எதுவும் இல்லை.
நாற்காலிதான் இல்லை.

முனிச்சாலை நீலகண்டராம் பல்செட் கட்டுகிறவர்.
அவர் தம்பி மனைவி ஹேமலதா கணக்கு டீச்சர்.
பதினோரு பக்கம் டைப் அடித்து, பின் குத்தி,
ஆட்டத்துக்கு அரைமணி முன்னால் நீட்டினார்கள்.
முதல் பக்கம், முதல் வரி:
கையில் பதின்மூன்று புள்ளியோ மேலேயோ இருந்தால்
பாஸ்.

ஒன்றுமே இல்லாவிட்டால்?
"ஒரு டைமன்னு சொல்லணும் சார்.
இல்லாதவன்தான் வாயைத் திறக்கணும்."
நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.
"நிறைகுடம் தளும்பாது," என்றாள் டீச்சர்,
"அவ்வளவுதான் எங்க சிஸ்டம்."

ஊர் உலகத்தில் பாஸ் என்றால்
கையில் சில்லறை இல்லை,
அடுத்த வீடு பாரு.

சொன்னேன்:
ஒரு மேசைக்கு இரண்டு ஆட்டம், பதினான்கு நிமிஷம்.
விருதுநகர் பருப்பு வியாபாரி
சீட்டை அடுக்கவே மூன்று நிமிஷம் எடுப்பார்.
உங்கள் மௌனத்தை அவர் எப்போது படிப்பது?
ஒரே அணியோடு நாள் முழுக்க மோதுகிற போட்டியென்றால்
இதை முன்கூட்டி அனுப்பலாம்,
எதிராளி மாற்று மருந்தோடு வருவார்.
இங்கே செல்லாது.

"நாங்க எதையும் மறைக்கலையே சார்.
கேட்டா சொல்லிருவோம்."

அதுதான் சிக்கல்.
மறைத்திருந்தால் எனக்கு வேலை சுலபம்.
மாட்டுத்தாவணியில் மாடு விற்ற காலத்தில்
துண்டைப் போர்த்தி விரலைப் பிடித்து விலை பேசினார்கள்.
இது துண்டே போடாத விரல்.
வெட்டவெளியில் நீட்டியும்
பார்க்கிறவனுக்கு எண்ண வராத விரல்.

தடை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.
சரி சார், எல்லாரையும் மாதிரி ஆடுறோம்
என்று போய்விட்டார்கள்.
சண்டை போட்டிருக்கலாம்.

ஏழாவது சுற்றில் ஒன்பதாம் மேசை கை தூக்கியது.
பருப்பு வியாபாரிதான்.
"இவரு பாஸ் போட்டாரு, நானும் பாஸ்.
அந்தம்மா யோசிச்சாங்க சார். ரொம்ப யோசிச்சாங்க."
எவ்வளவு நேரம்?
"காபி ஆறுற அளவுக்கு."

ஹேமலதா கொழுந்தனாரின்... இல்லை, மூத்தாரின்
பச்சை அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
மூன்று வருஷமாய் அந்த அட்டைக்குப் பின்னால்
ஓர் ஏஸ், இரண்டு ராஜா, கூட ஒரு ராணி.
இன்றைக்கு அங்கே ஒரு ஜாக்கியும் சில்லறையும்.
"யோசிக்கல சார்," என்றாள்.
"மறந்துகிட்டு இருந்தேன்."

யோசனைக்கு விதிப்புத்தகத்தில் பக்கங்கள் உண்டு.
மறப்பதற்கு எவ்வளவு நேரம் என்று இல்லை.
ஆட்டம் ஆடியபடியே நிற்கும் என்றேன்.
வியாபாரி முறைத்தார்.
கீழே மைக்கில் யாரையோ
சாப்பிட வரச்சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

பத்தொன்பதாவது இடம். பரிசு கிடையாது.
பதினோரு பக்கமும் என் மேசையிலேயே கிடந்தது.

செல்லூர் வீட்டில் ராத்திரி கரண்ட் போய் வந்தபிறகு
சும்மா புரட்டினேன்.
ஒன்றேகாலுக்கு எட்டாம் பக்கத்தில் ஓட்டையைக் கண்டேன்:
புள்ளியே இல்லாத கையில் ஏழு ஹார்ட்டின் சேர்ந்தால்
என்ன சொல்வதென்று
இரண்டு பேருமே யோசித்திருக்கவில்லை.
இரண்டரைக்குள் அதை அடைத்துவிட்டேன்,
ஓரத்தில், பென்சிலில்,
அழித்தால் தெரியாத அளவு லேசாக.

திங்கட்கிழமை டீச்சர் போன் செய்தாள்.
"எங்க பேப்பர் உங்ககிட்ட இருக்கா சார்?"
இருக்கு.
"படிச்சீங்களா?"

நான் ஒன்றும் சொல்லவில்லை.

அந்தப் பக்கமும் கொஞ்ச நேரம் சத்தமில்லை.
பள்ளிக்கூட மணி மட்டும் அடித்து ஓய்ந்தது.
பிறகு சிரித்தாள்:

"எத்தனை புள்ளி சார்?"